ரோல் கேக்கும் நான் சொன்ன பொய்யும்

தம்பி,

கொரியரில் இந்தக் கடிதம் வந்ததும் நீ பயந்துவிடுவாய். போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாத அப்பா இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாரே, உடம்புக்கு ஏதாவதா என்று நினைப்பாய். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதற்குக் காரணம் இந்த மாதம் நான் தின்ற கேக். நான் ஏன் கேக் தின்றேன், அதை யார் செய்தது என்பதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால், எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் திருப்பி எழுதாமல் அனுப்புகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தாய். "அப்பா, செலின் மாசமா இருக்கா" என்றாய். எனக்கு நாக்குக் குழறிவிட்டது. "நல்லது தம்பி, ரொம்ப நல்லது" என்று மூன்று தடவை சொன்னேன். அடுத்து நீ சொன்னதுதான் என்னை இப்படி எழுத வைத்திருக்கிறது. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உன் அம்மா அப்போது எனக்கு இரண்டு முழம் தள்ளிக் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என் போனில் யார் பேசினாலும் தெருவுக்கே கேட்கும், உனக்குத் தெரியும். நீ சொன்னது முழுவதும் அவள் காதில் விழுந்தது. நான் வாயெடுப்பதற்குள் அவளே, "எத்தனாவது மாசமாம்?" என்று கேட்டாள். "கேக்கலியே" என்றேன். "அதைக்கூடக் கேக்காம என்னத்தப் பேசுனீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மொச்சையை எடுத்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி நான் தப்பித்திருப்பேன்.

நீ அவளிடம் சரியாகப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு "நல்லா இருக்கியாம்மா" என்பதோடு சரி. உன் முதல் குழந்தை வரப்போகிற சேதியைக்கூட அவளிடம் நேராகச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோபத்துக்கு நீ வைத்திருக்கிற காரணம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். செலின் நம் வீட்டில் கேக் செய்யக் கூடாது என்று உன் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை.

இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். ஆனால் இந்தப் பொய் அன்று ஒருநாள் வந்ததல்ல. எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கும் பிள்ளை பிறக்கப்போகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

முப்பது வருஷம் நான் நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தராக இருந்தேன். சீர்காழிப் பக்கம் ஆரம்பித்து, பட்டுக்கோட்டைக்குப் போய், கடைசியில் தஞ்சாவூருக்கு வந்து ஓய்வு பெற்றேன். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்தால் ஈரம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும், மெஷின் அப்புறம்தான். ஈர நெல்லைத் திருப்பி அனுப்ப வேண்டியவன் நான். ஆனால் "எடுக்க முடியாது" என்று ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. "எனக்கென்னங்க, நான் எடுத்துக்குவேன். மேல ஒத்துக்க மாட்டாங்க" என்பேன். வந்தவர் மேலே இருக்கிறவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, எனக்கு ஒரு டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு நெல்லைக் காயவைக்கப் போவார். வீட்டுக்கு வந்தால் 'மேல' என்று யாரும் கிடையாது. அங்கே எனக்கு இன்னொரு வார்த்தை கைவசம் இருந்தது. நம் பக்கத்து ஆம்பளைகள் பெண்டாட்டியைப் பெயர் சொல்லாமல் 'வீட்ல' என்றுதானே சொல்வோம். கோவில் கமிட்டியில் சேரச் சொன்னால், "நான் ரெடிங்க, வீட்ல ஒத்துக்க மாட்டாங்க." யாராவது பத்து நாள் வந்து தங்குகிறேன் என்றால், "எனக்கு சந்தோஷம், வீட்லதான் ஒரு மாதிரி." இப்படியே சொல்லிச் சொல்லி சொந்தக்காரர்கள் மத்தியில் நான் தங்கமான மனுஷன் ஆகிவிட்டேன், உன் அம்மா கறாரான பொம்பளை ஆகிவிட்டாள். இதில் பாதி விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது.

நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பூம்புகாருக்குக் கூட்டிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா? உன்னை அனுப்பவில்லை. "அம்மா பயப்படுறாடா" என்று உன்னிடம் சொன்னேன். கடலைக் கண்டால் பயம் எனக்குத்தான். உன் அம்மா அன்று சாயங்காலமே உன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு, கட்டுச்சோற்றுக்குப் புளி ஊறப்போட்டிருந்தாள். நீ அவளிடம் போய், "நீதான் என்னைய எங்கேயும் விட மாட்டேங்கிறே" என்று கத்தினாய். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன். இரண்டு நாள் நீ அவள் கையால் சாப்பிடவில்லை. ஊறப்போட்ட புளியில் அவள் மறுநாள் ரசம் வைத்தாள்.

இனி அந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகி வந்த முதல் கிறிஸ்துமஸ். கேக் செய்கிற சின்ன ஓவன் பெட்டி ஒன்றைச் சென்னையிலிருந்து ரயிலில் யாரையும் தொட விடாமல் செலின் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக நீதான் சொன்னாய். மறுநாள் காலையில் உன் அம்மா காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நீ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். செலின் என்னிடம் வந்து நின்றாள். "மாமா, நாளைக்கு கிறிஸ்துமஸ். எங்க வீட்ல வருஷா வருஷம் ரோல் கேக் போடுவோம். ஒண்ணே ஒண்ணு பண்ணிக்கட்டுமா? முட்டை ஓட்டையெல்லாம் நானே வெளியில கொண்டுபோய்ப் போட்டுடறேன்" என்றாள். அதுவரை முட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரவில்லை அந்தப் பெண். என் ஸ்கூட்டர் டிக்கியில், துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

என் பயம் என்ன தெரியுமா? மறுநாள் உன் பெரியப்பா சாப்பிட வருவதாக இருந்தார். கல்யாணத்துக்கு நான் சம்மதித்தபோதே அவர், "இன்னைக்கு இதுக்குத் தலையாட்டுறே, நாளைக்கு உன் சமையக்கட்டுல முட்டை பொரிப்பாங்க, அதுக்கும் ஆட்டு" என்று குத்திக் காட்டியிருந்தார். வந்து மோப்பம் பிடித்துச் சிரிப்பாரே என்று பயந்தேன். எனக்கு முட்டை ஆகாது என்று நினைத்துவிடாதே. பட்டுக்கோட்டையில் வேலை பார்த்த மூன்று வருஷமும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆம்லெட் தின்றவன் நான். அண்ணனிடம் ஒரு பேச்சு வாங்கத் துணிச்சல் இல்லாமல், செலினைப் பார்த்து வாய் கூசாமல் சொன்னேன்: "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல ஒத்துக்க மாட்டாங்க." அவள் "சரி மாமா" என்றாள். முகம் சுண்டிப்போய்விட்டது. நீ இறங்கி வந்து கேட்டபோது ஒரு படி மேலே போய், "முட்டை வந்தா சமையக்கட்டுக்குள்ளயே கால் வைக்க மாட்டேன்னுட்டா உங்கம்மா" என்றேன். இதுதான் அந்தப் பொய். அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதே இல்லை.

அவள் காய்ப் பையோடு உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக நீ பிடித்துக்கொண்டாய். "ஏம்மா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன்னால பொறுத்துக்க முடியாதா? உன்னைய நம்பித்தானே அவ வந்திருக்கா" என்றாய். அவளுக்கு என்ன ஏது என்று புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அந்தப் பேப்பரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, இத்தனை வருஷப் பழக்கம். "சாப்பிட வாங்க எல்லாரும், தோசை ஊத்துறேன்" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் சாப்பிடவில்லை. பத்தரை மணி பஸ்ஸில் பட்டுக்கோட்டைக்கு, செலினுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். ஓவன் இங்கேயே கிடந்தது. நீங்கள் போன பிறகாவது நான் அவளிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும். ரெண்டு நாள் ஆறட்டும், சூடு தணிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் இரண்டு வருஷம் ஆனது. உன் பெரியப்பா மறுநாள் வரவும் இல்லை, அவருக்கு மூட்டு வலி.

உன் போன் வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போதும் நேராக உண்மையைச் சொல்லத் தைரியம் வந்ததா என்றால், இல்லை. ஒரு ரோல் கேக் செய்து எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்து செலின் கையில் கொடுத்துவிட்டால், பேசாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். உன் அப்பன் புத்தி அப்படித்தான் போகும். பரணிலிருந்து ஓவனை இறக்கித் துடைத்தேன். கடைக்குப் போய் மைதா, முட்டை, வெண்ணெய்த்தாள் எல்லாம் வாங்கி வந்தேன். முட்டையைக் கூச்சத்தோடு பையின் அடியில் வைத்திருந்தேன். உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். போனில் வீடியோவைப் போட்டு அதன்படி செய்தேன். முட்டையும் சர்க்கரையும் சேர்த்து நுரைக்க நுரைக்க அடித்து, மைதாவை மெல்லக் கலந்து, தட்டில் தாள் விரித்து மெலிதாக ஊற்றி வைத்தேன். பத்து நிமிஷத்தில் பஞ்சு மாதிரி உப்பி வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அதற்கப்புறம்தான் என் உத்தியோகம் குறுக்கே வந்தது. சூடாக இருக்கும்போதே ஈரத்துணியில் கவிழ்த்துச் சுருட்டு என்று வீடியோவில் அந்தப் பெண் சொன்னாள். முப்பது வருஷமாக ஊரெல்லாம் "ஈரம் கூடாது, காயட்டும், ஆறட்டும்" என்று சொன்ன எனக்கு அது ஏறவே இல்லை. சின்னப் பெண், தப்பாகச் சொல்கிறாள் என்று முடிவு கட்டி, காய்ந்த துண்டில் போட்டு, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் ஆறவைத்தேன். பிறகு சுருட்டினால், கோடையில் காய்ந்த வாய்க்கால் மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மறுநாள் மறுபடி செய்தேன். மறுபடி வெடித்தது. வெடித்ததையெல்லாம் நானே தின்றேன், வேறு யார் தின்பார்கள்?

மூன்றாம் நாள் உன் அம்மா பொறுக்க முடியாமல் எழுந்து வந்தாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் செலின் எழுதிய ரோல் கேக் குறிப்பு. கடைசியில், 'சூட்டோடு சுருட்ட வேண்டும்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். "இது எங்க இருந்துச்சு?" என்றேன். "இங்கதான் இருந்துச்சு. அன்னைக்கு அந்தப் பொண்ணு மறந்து வச்சுட்டுப் போனது. திரும்ப வந்தா வேணுமேன்னு எடுத்து வச்சேன்" என்றாள். இரண்டு வருஷமாக, தம்பி. தினம் மிளகாய்த்தூள் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் சொன்னேன். அன்றைய தட்டை ஓவனுக்குள் வைத்துவிட்டு, அந்தக் கிறிஸ்துமஸில் அவள் பெயரைச் சொல்லித் தப்பித்ததைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். அவ்வளவுதானா என்று நான் மூச்சு விடுவதற்குள் பிடித்துக்கொண்டாள். நம் வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

"எனக்கு முட்டை வாடை ஆகாதுதான். நான் திங்க மாட்டேன். ஆனா அவ பண்ணக் கூடாதுன்னு நான் ஏன் சொல்லப்போறேன்? அவளுக்கு அது பண்டிகை. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பண்ணும்மான்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் பக்கத்து வீட்ல போய் உக்காந்திருப்பேன். கேட்டீங்களா? பட்டுக்கோட்டையில ஆம்லெட் தின்னுட்டு வந்து வெத்தலை போட்டு மறைச்சீங்களே, அதையாவது நான் கேட்டேனா?"

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மறைக்காமல் எழுதுகிறேன். அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தட்டை எறக்குங்க, கருகுது" என்றாள். இறக்கினேன். குறிப்பில் இருந்தபடி, ஈரத்துணியில் சர்க்கரைப் பொடி தூவி, சுடச்சுடக் கவிழ்த்து, தாளை உரித்து, துணியோடு சேர்த்துச் சுருட்டினேன். விரலெல்லாம் சுட்டது. சுருட்டின வாக்கிலேயே ஆறவிட்டுப் பிரித்தபோது ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கீறல். உள்ளே தடவ ஜாம் வாங்க மறந்திருந்தேன். "ஜாம் இல்லாட்டி என்ன" என்று உன் அம்மா கொழுக்கட்டைக்குக் கிண்டுகிற மாதிரி தேங்காய்ப் பூரணம் கிண்டிக் கொடுத்தாள், ஏலக்காய் தூக்கலாக. அதைப் பரப்பி மறுபடி சுருட்டி வெட்டினேன். நன்றாக இருந்தது. அவளுக்கு ஒரு துண்டு நீட்டினேன். "எனக்கு வேண்டாம்" என்றாள். அவள் வாயாலேயே சொன்னாள், அது வேறு மாதிரி இருந்தது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. போன பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டபோது, "செலினுக்கு லீவு இல்லப்பா" என்றாய். வாடகை வீட்டை மாற்றச் சொன்னபோது, "செலினுக்கு இந்த ஏரியாதான் பிடிச்சிருக்கு" என்றாய். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் குரலை நான் முப்பது வருஷம் பேசியவன், கேட்டால் தெரியும். உனக்கு வர இஷ்டமில்லை என்றால் 'நான் வரவில்லை' என்று சொல். எனக்கு வலிக்கும், வலிக்கட்டும். அவள் பெயரைச் சொல்லித் தப்பித்தால் அப்போதைக்கு யாருக்கும் வலிக்காது, பிறகு அவள் உன் பக்கத்து மனுஷர்கள் எல்லோருக்கும் ஆகாதவளாகிவிடுவாள், அவளுக்கே தெரியாமல். நாளைக்கு உன் பிள்ளை எதற்காவது அடம் பிடிக்கும்போது, "அம்மா திட்டுவா" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். 'நான் விட மாட்டேன்' என்று சொல். பிள்ளை உன்மேல் கோபித்துக்கொள்ளும். கோபித்துக்கொள்ளட்டுமே, அப்பன் எதற்கு இருக்கிறான்?

இந்தக் கடிதத்தை இதுவரை எழுதி உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தாள். "என்னமோ நான் பெரிய பொறுமைசாலி மாதிரி எழுதியிருக்கீங்க. அதெல்லாம் இல்ல. எனக்கும் வீம்பு. பெத்தவ இப்படிச் சொல்லியிருப்பாளான்னு அவனா யோசிச்சு வரட்டும்னு உக்காந்திருந்தேன். அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். செலினுடைய குறிப்பை இதோடு வைத்து அனுப்பலாமா என்று கேட்டேன். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் அவளுக்கென்று ஒரு போன் வாங்கினோம். இத்தனை காலம் அவளுக்கு வந்த சேதியெல்லாம் என் போனில் வந்து, என் வாயால்தான் அவளுக்குப் போனது. அவள் சொன்னதாக வெளியே போனதும் என் வாயால்தான். இந்தப் போனை நான் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

செலினுடைய வளைகாப்புக்கு அம்மா சென்னைக்கு வருவாளா என்று உனக்கு யோசனையாக இருக்கும். இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். 'அம்மா கண்டிப்பாக வருவாள்' என்று எழுதிவிட்டு, அப்புறம் அடித்தது. அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. புது நம்பரைத் தாளின் பின்பக்கம் அவளே எழுதியிருக்கிறாள். அவளைக் கேள், தம்பி.

அப்பா